64 கிலோபைட்டில் கப்பல் ஹாரன்: பழைய வீடியோ கேம் சத்தத்தை மீண்டும் உருவாக்குவது எப்படி?

90களில் டிவி-யில் வயரைச் செருகி கேம் ஆடியவர்களுக்கு அந்த மியூசிக் இன்னும் மறந்திருக்காது. அதே சத்தத்தில் புதுப் பாட்டு போடுபவர்கள் இப்போது உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதற்கு ஒரு செல்போனும் சாதாரண கம்ப்யூட்டரும் போதும். ஆனா, ஒரு விஷயத்தில் உஷாராக இருக்கணும்.

பர்மா பஜார் 'டிவி கேம்'

சென்னை துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில் இருக்கிறது பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் கடைகளாக உருவான இடம். வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் பொருள் என்றாலே ராயபுரம், திருவொற்றியூர்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். 90களில் நம்மூர் வீடுகளில் இருந்த 'டிவி கேம்' பெரும்பாலும், 1983-ல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்.

அதில் மொத்தம் 5 சேனல்கள். நான்கில் சிப்பே உருவாக்கும் 'பீப்' சத்தமும் இரைச்சலும் வரும். ஐந்தாவது சேனல் மட்டும், பதிவு செய்த ஒலியின் சின்னத் துண்டை வாசிக்கும். இந்தத் துண்டுக்குப் பெயர்தான் 'சாம்பிள்'. 1988-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-ன் டிரம்ஸ் அப்படி வந்ததுதான்.

1990-ல் என்ன மாறியது?

அந்த ஆண்டு நவம்பரில் சூப்பர் ஃபேமிகாம் வந்தது. அதன் ஒலி சிப்பை வடிவமைத்தவர் சோனியின் கென் குடராகி. பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கியவரும் இவரே. இதில் 8 சேனல்கள், எல்லாவற்றிலும் சாம்பிள் ஓடும்.

ஆனால் ஒலிக்கான மெமரி வெறும் 64 கிலோபைட். ஒரு வாட்ஸ்அப் போட்டோவே பல நேரம் இதைவிடப் பெரிசு! சிடி தரத்தில் என்றால் அரை விநாடி ஒலிகூட இதில் அடங்காது. அதனால் ஒவ்வொரு 16 ஒலிப் புள்ளியையும் 9 பைட்டாகச் சுருக்கினார்கள். அப்படியும் முழு வேகத்தில் சுமார் மூன்றரை விநாடிதான் கிடைக்கும். பாட்டின் நோட்ஸ், எக்கோ எல்லாமே அதே 64-க்குள் அடங்கணும்.

இந்த நெருக்கடிதான் அந்தச் சத்தத்துக்கே காரணம். சுருக்கும்போது லேசான கரகரப்பு சேர்கிறது. சுருதியை ஏற்றி இறக்கும்போது சிப் செய்யும் மென்மையாக்கல், கூர்மையை மழுங்கடிக்கிறது. அதற்கு மேல் எக்கோ. சும்மா ஒரு 'ரெட்ரோ' ஃபில்டரைத் தட்டினால் இது வராததற்குக் காரணம் இதுதான்.

செய்வது எப்படி?

* ரெக்கார்ட் பண்ணுங்க: காசிமேட்டுப் பக்கம் கேட்கும் கப்பல் ஹாரன், கானா கச்சேரியின் டோலக் அடி, எதுவும் ஓகே. துறைமுகத்துக்குள் போக அனுமதி வேண்டும். வெளியே நின்றே பதிவு செய்யலாம்.

* வெட்டுங்க: ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒலியை மோனோவாக்கி, விநாடிக்கு 16,000 புள்ளிகளாகக் குறைக்கணும். 0.2 விநாடி டோலக் அடி 1,800 பைட்டில் முடிந்துவிடும்.

* சுழல விடுங்க: ஹாரன் போல நீளும் சத்தத்தை முழுசாக வைக்க இடமில்லை. ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விடணும். அதன் நீளம் 16-ன் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் 'டிக் டிக்' என்று இடிக்கும்.

* கோர்த்துடுங்க: ஃபர்னஸ் என்ற இலவச மென்பொருளில் சூப்பர் நின்டெண்டோவைத் தேர்வு செய்து, 8 சேனலுக்குள் பாட்டை அமைக்கலாம்.

பழைய கேமிலிருந்தே உருவி எடுக்கலாமா?

உஷாராக இருக்க வேண்டிய இடம் இதுதான். பழைய கேம் என்பதால் உரிமை போய்விடாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1990-ல் வெளியானதற்கு 2050 முடியும் வரை. மெட்டுக்கோ, இசையமைப்பாளரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள். வீட்டில் கேட்டு ரசிப்பது வேறு, யூடியூபில் போட்டு சம்பாதிப்பது வேறு.

அந்த சிப் வேலை செய்யும் முறையைப் பின்பற்றி, சொந்தமாகப் பதிவு செய்த ஒலியில் சொந்த மெட்டைப் போட்டால் இந்தத் தலைவலி இல்லை. அப்போது கேட்பது ஜப்பான் கேமின் நகலாக இருக்காது. அந்தக் காலத்து சிப்பில் ஒலிக்கும் வடசென்னையாக இருக்கும்.