கள்ளுண்ணாமையும் மருந்தும்

திருவள்ளுவனார் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்பதை நம்மிற் பலர் ஊன்றி நோக்குவதில்லை. புலால் மறுத்தலை அவர் அறத்துப்பாலிலே, துறவறவியலுள் வைத்தார். கள்ளுண்ணாமையையோ பொருட்பாலிலே 93 ஆம் அதிகாரமாக வைத்தார். அதனையடுத்து வருவது சூது. அதற்கு அடுத்த 95 ஆம் அதிகாரம் மருந்து. அதிகார முறைமைக்கு உரையாசிரியர் காட்டும் இயைபு எதுவாயினும் ஆகுக. குடியைத் தனிமனிதனின் பாவ புண்ணியக் கணக்கோடு நிறுத்தாது, வீட்டையும் நாட்டையும் தாக்குங் கேடாக ஆசிரியர் கண்டார் என்பதும், அக்கேட்டினின்று மருந்து நெடுந்தூரத்தில் இல்லை என்பதும் இம்முறையால் நாம் கொள்ளத்தக்கன.

கள்ளுண்ணாமை அதிகாரத்தை மேடைதோறும் கேட்கின்றோம். ஆண்டுவிழாவிலே மாணாக்கர் அதனை ஒப்புவிக்கின்றனர். மதுவொழிப்பு ஊர்வலத்தில் அது பதாகையாகின்றது. மருந்து அதிகாரத்தை அதனோடு சேர்த்துப் படிப்பாரோ அரியர். குடிப்பவனை இகழக் கற்ற அளவுக்கு அவனை நோயாளனாகக் கண்டு வைத்தியசாலைக்கு அழைத்துச்செல்ல நாம் கற்கவில்லை. இவ்விரண்டு அதிகாரங்களையும் ஒருங்கு வைத்து எண்ணுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கேட்டின் அளவை அறிதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2019 ஆம் ஆண்டில் மட்டும் மதுசாரம் காரணமாக உலகில் இறந்தோர் 26 இலட்சம் பேர். மதுசாரப் பாவனையால் விளையும் கோளாறுகளுக்கு ஆட்பட்டோர் 40 கோடி. அவர்களுள் விடமுடியாவாறு அதற்கு அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 21 கோடி. ஒரு பெரும்போரிற்கூட ஆண்டொன்றில் இத்தனை பேர் மடிதல் அரிது. போருக்குப் பறையறைவார் உளர்; இந்தச் சாவுகளுக்கோ சாப்பறையன்றி வேறு பறை இல்லை.

உடம்பினுள் நிகழ்வது யாது? கள்ளாயினும் சாராயமாயினும் பிறநாட்டுச் சீமைச் சரக்காயினும், உள்ளே நின்று வேலைசெய்வது எதனோல் என்னும் ஒரே பொருளே. அதனைச் சிதைத்து வெளியேற்றும் சுமை பெரும்பாலும் ஈரலின்மேல் வீழ்கின்றது. முதலிலே ஈரலிற் கொழுப்புப் படியும். பின்னர் அழற்சி உண்டாகும். ஈற்றில் ஈரல் வடுப்பட்டு இறுகிச் சுருங்கும். முதல் நிலையிலே குடியை விட்டோன் பெரும்பாலும் முன்போலத் தேறுவான். கடைசி நிலையிலே இழந்தது முழுவதும் மீளாது. இதனால் அன்றோ காலம் தாழ்த்தாமை இந்நோயிற் பாதி மருந்தாகின்றது.

ஈரலோடு கேடு நிற்பதில்லை. 1988 ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம், மதுபானத்தை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் வகுப்பிலே சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என்னும் இடங்களில் அது புற்றுநோயைத் தூண்டும். இரத்த அழுத்தம், காசம், வீதி விபத்து, தற்கொலை என்பவற்றிலும் அதன் கை உண்டு. சிறிதளவு குடிப்பது உடம்புக்கு உறுதி என்று கூறுவாரும் உளர். ஏதமற்ற அளவு என்று ஒன்றுமில்லை என 2023 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே உரைத்துவிட்டது.

இலங்கையிற் குடிப்போர் பெரும்பாலும் ஆடவரே. பெண்களுள் மிகப்பலர் அதனைத் தொடுவதுமில்லை. ஆயினும் அதன் துன்பத்தை அவர் பாதிக்குமேல் சுமக்கின்றனர். நாட்கூலி தவறணையிலே கரைய, அடுப்பிலே உலை ஏறாத வீடுகள் வடக்கிலும் உண்டு, கிழக்கிலும் உண்டு, மலையகத்து லயங்களிலும் உண்டு. குடி என்னும் சொல்லுக்குக் குடித்தல் என்றும் குடும்பம் என்றும் இருபொருள் உண்மையால், குடி குடியைக் கெடுக்கும் என்று நம்முன்னோர் பழமொழி சொன்னார். அச்சொல் விளையாட்டின் உள்ளே எத்தனை தாய்மாரின் கண்ணீர் உண்டு என்பதை அவ்வீட்டுப் பிள்ளைகளே அறிவர்.

இனிக் கசிப்பைப் பற்றியும் ஒருசொல். மறைவிடத்தில் வடிக்கப்படுவதாதலின் அதிலே என்ன கலந்திருக்கும் என்பதைக் குடிப்பவனும் அறியான். விற்பவனும் பலகால் அறியான். தொழிற்சாலைகளிற் பயன்படும் மெதனோல் கலந்துவிடின் அது நஞ்சே. தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதத்தில் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது இந்நஞ்சு. குடித்த சில மணிநேரம் வேறுபாடு தோன்றாது. உடம்பு மெதனோலைப் போமிக் அமிலமாக மாற்றிய பின்னரே வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் கண்மங்கலும் தலைகாட்டும். கண்முன் பனிமூட்டம் போலத் தோன்றுகின்றது என்று ஒருவன் சொன்னால், போதை தெளியட்டும் என்று படுக்கவிடுதல் ஆகாது. அப்பொழுதே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. ஆனால் அவை நேரத்தோடு கிடைத்தாலன்றிக் கண்ணும் உயிரும் பிழைத்தல் அரிது.

குடிக்கு அடிமைப்படுதல் நோய்தானா, அன்றி ஒழுக்கக்கேடா என்று வினவுவார் உளர். இவ்வினா பழையது. 1804 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்து வைத்தியராகிய தோமஸ் றொட்டர் என்பார், குடிப்பழக்கம் மனத்தைப் பற்றும் ஒரு நோய் என்று நூல் எழுதினார். 1956 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சங்கமும் அதனை நோயென ஏற்றது. தொடர்ந்து குடிப்பவனின் மூளை, மதுசாரம் உள்ளவிடத்து மட்டுமே அமைதியாக இயங்கும்படி தன்னை மாற்றிக்கொள்கின்றது. முதற் கிண்ணத்தை அவன் விரும்பி எடுத்திருக்கலாம். ஆயிரமாவது கிண்ணமோ அவனை எடுக்கின்றது. சருக்கரை நோயாளன் இனிப்பை மிகுதியாக உண்டான் என்பதற்காக அவனுக்கு நாம் மருந்தை மறுப்பதில்லை. குடிநோயாளனுக்கு மட்டும் ஏன் மறுக்கின்றோம்?

நம்நாட்டு மதுவிலக்கு வரலாறு இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1904 இலும், பின்னர் 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தின்போதும், இலங்கையில் மதுவெதிர்ப்பு இயக்கம் ஓங்கியெழுந்தது. எப். ஆர். சேனாநாயக்கவும் பின்னாளிற் பிரதமராகிய டீ. எஸ். சேனாநாயக்கவும் அதிற் பங்குகொண்டனர். அவ்வியக்கம் தவறணையின் வாயிலை மூடப் போராடியது. அது செயற்கரிய செயலே. சிகிச்சையின் வாயிலைத் திறக்கவோ அக்காலத்தில் வைத்திய நூலிடமே போதிய மருந்து இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்றலையும், மதுவுக்கு விளம்பரம் செய்தலையும் தடுத்தது. ஆயினும் 2024 ஆம் ஆண்டில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்ட மதுவிற்பனை உரிமங்கள் வழங்கப்பட்டமை அவ்வாண்டு டிசம்பரிலே பாராளுமன்றத்தில் வெளியாயிற்று. உரிமம் பெருகிய வேகத்திலே சிகிச்சைக்குரிய இடம் பெருகியதா என்று கேட்பார் சிலரே.

இனி யான் கூறப்புகுவது உயிரோடு தொடர்பானது. வாசகர் இதனைச் சற்றே நின்று படிப்பாராக.

நல்லூர்க் கொடியேறினால் மதுவையும் மச்சத்தையும் விடுதல் நம்மவர் வழக்கம். ஐயப்பனுக்கு மாலையிட்டோரும் அவ்வாறே. நல்ல வழக்கம். எப்போதாவது குடிப்பவனுக்கு இதனால் நன்மையன்றித் தீமையில்லை. நாள்தோறும், காலை எழுந்தவுடன் கைநடுக்கம் தீரக் குடிக்க வேண்டிய நிலையை அடைந்தவனின் செய்தி வேறு. அவன் ஒரே நாளில் முற்றும் நிறுத்தினால், சில மணிநேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதலிரு நாட்களுள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களிற் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளையும் உருவங்களையும் கண்டு அலறலாம். அயலார் இதனைப் பேய்க்கோளாறு என்பர். சாமி குற்றம் என்பர். விபூதி போட்டு, கட்டிவைத்து, அறையிற் பூட்டுவர். சிகிச்சையின்றி விடப்படின் இந்நிலையில் உயிர் பிரிதலும் உண்டு. திருந்த முயன்றவன் அம்முயற்சியினாலேயே மாளுதல் எத்துணைக் கொடிது! இத்தகையவன் குடியை விடத்தான் வேண்டும். ஆனால் வைத்தியர் கண்காணிப்பிலே விடவேண்டும். டயசிபாம் போன்ற மருந்தைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர். மூளையைக் காக்கத் தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஊசியால் ஏற்றுவர். பெரும்பாலோர்க்கு ஒரு வாரத்துள் இவ்விடர் நீங்கிவிடும்.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், வைத்தியம் என்பது நோயாளன், வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என்னும் நான்கு உறுப்புடையது என வகுக்கின்றது. குடிநோய்க்கு இவ்வகுப்பு மிகப் பொருந்துவதாம்.

நோயாளன் முதலாவது. அவன் வருவதைத் தடுப்பது வெட்கம். அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணம் இல்லை. ஆயினும் உளநலப் பிரிவின் வாயிலை மிதித்தால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சுகின்றான். மகளுக்குச் சம்பந்தம் கலையும் என்று மனைவி அஞ்சுகின்றாள். தவறணைக்குப் பகலிற் செல்ல நாணாதவன் வைத்தியசாலைக்கு இரவிற் செல்லவும் நாணுகின்றான்.

வைத்தியர் இரண்டாவது. 2005 ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, அங்கொடையை மட்டும் நம்பியிராது மாவட்டந்தோறும் சேவை பரவவேண்டும் என்றது. இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள. கொழும்பிலே சுமித்ரயோ அமைப்பின் மெல்மெதுர நிலையம் குடிநோயாளர்க்கு உதவுகின்றது. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எந்நேரமும் வழி கேட்கலாம். பெரிய நிபுணரைத் தேடி அலைதலும் எல்லார்க்கும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வினாக்களை ஊர் வைத்தியரே கேட்டு, நோயின் படியை அறியலாம். இளநிலையில் உள்ளவனுக்கு அவர் பரிவோடு சொல்லும் ஐந்து நிமிட அறிவுரையே பயன்தரும் என ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருந்து மூன்றாவது. டென்மார்க்கில் இருவர் புழுவுக்குரிய மருந்தாக ஆராய்ந்துகொண்டிருந்த டைசல்பிராம், அதனை உட்கொண்டபின் மது அருந்தினாற் படபடப்பும் வாந்தியும் உண்டாக்குவதைத் தம் உடம்பிலேயே கண்டு 1948 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேட்கையைத் தணிக்கும் நல்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேற் என்பன பின்வந்தவை. ஓர் எச்சரிக்கை: டைசல்பிராமைக் கணவன் அறியாமற் குழம்பிற் கலந்துகொடுத்தல் உயிருக்கே இடராகும். நோயாளன் அறிந்து இசைந்து, வைத்தியர் சொற்படி உண்ணவேண்டிய மருந்து அது.

உடனிருந்து பணிசெய்வோன் நான்காவது உறுப்பு. மற்றை நோய்களில் இவர் துணைவர். இந்நோயில் இவரே உயிர்நாடி. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்றன் நகரிலே ஒரு பங்குத் தரகரும் ஒரு வைத்தியரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளர். ஒருவர்க்கொருவர் துணையாக இருந்து குடியை விட்டனர். பெயர் மறைத்த குடிநோயாளர் சங்கம் என்று உலகெங்கும் பரவியது அவ்விருவர் நட்பே. விட்டவன் மீண்டும் ஒருநாள் வழுக்கிவிழுதல் இந்நோயின் இயல்பு. அப்பொழுது, நாய்வாலை நிமிர்த்தலாமோ என்று எள்ளுவோன் அவனைத் தவறணைக்கே திருப்பி அனுப்புகின்றான். நாளைக்கு வைத்தியரிடம் நானும் வருகின்றேன், வா அண்ணை என்று சொல்லுவோனே பணிசெய்வோன்.

இந்நான்கும் ஒருங்கு கூடுதல் இன்று அரிதாயிருக்கின்றது. 2019 ஆம் ஆண்டுக்குக் கணக்குத் தந்த நாடுகளுள், போதை சார்ந்த நோயுடையோரிற் சிகிச்சை பெற்றோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைந்த நாடும் உண்டு. மிகச் சிறந்த நாட்டிலும் நூற்றுக்கு முப்பத்தைவரைத் தாண்டவில்லை. எஞ்சியோர் எங்கே? வீட்டுத் திண்ணைகளிலும் வாசிகசாலை மதிலோரத்திலும், நம்முடைய ஏளனப் பார்வையின் எதிரே இருக்கின்றனர்.

ஆலயத் தருமகர்த்தாக்களும் சனசமூக நிலையத்தாரும் ஆசிரியரும் செய்யத்தக்கன சில உள. விரதத்திற்கு முன்னே, நாள்தோறும் குடிப்போர் வைத்தியரைக் கண்டு விரதம் தொடங்குக என்று ஒலிபெருக்கியில் ஒருவரி அறிவித்தல் வேண்டும். அருகிலுள்ள உளநலப் பிரிவு எது, எக்கிழமையில் வைத்தியர் இருப்பார் என்பதை வாசிகசாலைப் பலகையில் எழுதிவைத்தல் வேண்டும். மதுவரியாற் பெறும் பொருளிலே ஒருபகுதியைச் சிகிச்சைக்கென்று ஒதுக்குமாறு அரசை வற்புறுத்தல் வேண்டும். குடிப்பவனின் பிள்ளையை வகுப்பிலே அவன் தந்தை பெயரால் இழித்தல் எக்காலத்தும் கூடாது.

கள்ளுண்ணாமையைப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கற்பிப்போம். தொடாதவன் தொடாதிருக்க அது காவல். முன்னமே அகப்பட்டவனுக்கோ 93 ஆம் அதிகாரத்தோடு ஏட்டை மூடிவிடாது, இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிச்சென்று படிப்போமாக.