ஏணி வேலையின் கணக்கு

எங்கள் வீட்டின் வெளிச்சுவருக்கு வண்ணம் பூச இருவரிடம் மதிப்பீடு கேட்டிருந்தேன். சாரம் கட்டிச் செய்வதாகச் சொன்னவர் எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டார்; ஏணியிலேயே முடித்துத் தருவதாகச் சொன்னவருக்கு வேலையைக் கொடுத்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்த எனக்கு அது சிக்கனமாகவே தோன்றியது. மூன்றாம் நாள் பெயிண்டர் ஒருவர் பத்தடி உயரத்திலிருந்து ஏணியோடு சரிந்தார். குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது.

நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் அடி சுவரைவிட்டு விலகி நிற்க வேண்டும். பன்னிரண்டடி உயரத்துக்கு மூன்றடி. எங்கள் சுவருக்கும் மதிலுக்கும் இடையே இருந்ததோ இரண்டடி. ஏறக்குறைய செங்குத்தாக நின்ற ஏணியில், ஒரு கையில் வாளியோடு, எட்டாத மூலைக்காக மறுகையை அவர் நீட்டியிருக்கிறார். அடியில் பிடித்திருக்க வேண்டிய உதவியாளர் கடைக்குப் போயிருந்தார்.

கடினமான வேலைக்குக் கூலி கூடும் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியதையும், அந்தத் தர்க்கத்தை ஆபத்துக்கும் நீட்டும் பாடநூல்களையும் ஆண்டுதோறும் விளக்கியவன் நான். இவருக்கோ தரையில் நின்று பூசினாலும் ஏணியில் நின்று பூசினாலும் ஒரே கூலி.

சட்டம் இல்லாமலில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாத பணியிடங்களுக்கானதாக இருந்தது. எங்கள் வீட்டில் வேலை பார்த்தவர்கள் மூவர். கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நல நிதியும் கட்டட வரைபட அனுமதியின்போது வசூலாவது. வண்ணம் பூச யார் அனுமதி கேட்கிறார்கள்? தமிழகத்தில் 1994 முதல் நல வாரியம் இயங்குகிறது. இவர் பதிவைப் புதுப்பிக்கவில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்றார். தற்காலிகமாக முடங்கியவருக்கு ஏறத்தாழப் பாதி ஊதியம் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு. அதைத் தர வேண்டிய முதலாளி யார்? தானும் கூலிக்காரன்தான் என்றார் மேஸ்திரி. நான் வீட்டுக்காரன் மட்டுமே என்று சொல்ல எனக்கும் முதலில் நா எழுந்தது.

மருத்துவச் செலவை நான் ஏற்றேன். அது எட்டாயிரத்தைப்போல் பல மடங்கு. ஆயினும் அவர் இழந்த ஐந்து மாதக் கூலி என் கணக்கில் வரவில்லை. சித்தாள் வேலைக்குப் போன அவர் மனைவியின் கணக்கில்தான் ஏறியது.

இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரின் பூச்சு வேலைக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறேன். சாரத்துக்கான தொகையைத் தனி வரியாக எழுதித் தரச் சொன்னேன். அந்த வரியில் மட்டும் பேரம் பேசுவதில்லை.