ஊசி கையில், சூடு மூளையில்

கல்யாண மண்டபச் சமையற்கட்டில் ஒரே கேஸ் லைனில் வரிசையாக அடுப்புகள் நிற்கும். சிலிண்டரில் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ரெகுலேட்டர் சமாளித்துக்கொள்ளும். பந்தியிலிருந்து "சாம்பார்!" என்று குரல் வந்தால் மாஸ்டர் சிலிண்டர் பக்கமே போகமாட்டார். சாம்பார் அடுப்பைக் கூட்டுவார், பாயச அடுப்பை சிம்மில் வைப்பார், அவ்வளவுதான்.

மூளையின் ரத்த ஓட்டமும் இதே கணக்குதான். உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் இந்த உறுப்பு நிமிடத்துக்குச் சுமார் 700 மில்லி ரத்தம் வாங்குகிறது. ரத்த அழுத்தம் ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் மூளையின் தமனிகள் சுருங்கியும் விரிந்தும் அந்த அளவைக் காப்பாற்றிவிடும். ஆகவே, "இந்தப் புள்ளியை அமுக்குங்கள், மூளைக்கு ரத்தம் பாயும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலான பக்கவாதங்களில் லைனே அடைத்துப்போகிறது. அங்கே மாஸ்டர் எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை, உடனே ஆஸ்பத்திரிதான்.

அப்படியானால் அக்குபங்சர் ஊசி என்னதான் செய்கிறது? பந்தியிலிருந்து குரல் கொடுக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில், சீனர்கள் 'ஹெகு' என்னும் புள்ளியில், ஊசியை இறக்கி மெல்லத் திருகுவார்கள். கூரான வலி இருக்காது. கனமாக, மதமதவென்று ஓர் உணர்வு முழங்கை வரை ஏறும். ஏறுவது ரத்தமல்ல, நரம்புச் செய்தி. அது தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. செய்தி போய்ச்சேர்ந்த இடத்தில் நரம்பணுக்கள் வேலையில் இறங்கியதும் நைட்ரிக் ஆக்சைடு போன்றவை பக்கத்து நுண்தமனிகளை விரிக்கும். ஓரிரு வினாடியில் அங்கே ரத்தம் கூடத் தொடங்கும். விரலால் அழுத்தும் அக்குபிரஷருக்கும் நரம்புதான் வழி.

இதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கலாம். 2000-இல் கேத்லீன் ஹுய் குழு ஹெகுவில் ஊசியைத் திருகியபோது, பயத்தோடும் நினைவோடும் தொடர்புடைய அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளில் ரத்த ஓட்டத்தைச் சார்ந்த சிக்னல் கூடவில்லை, குறைந்தது! அடுப்பு சிம்முக்குப் போயிருக்கிறது. சுருக்கென்று வலித்தவர்களுக்கோ சிக்னல் ஏறியது. புள்ளி ஒன்றுதான், போன செய்திதான் வேறு.

எந்தப் புள்ளி என்பது எவ்வளவு முக்கியம்? கால் சுண்டுவிரலின் வெளிப்புறத்தில் கண்ணுக்கான புள்ளி ஒன்று உண்டு என்பது பழைய நம்பிக்கை. அங்கே குத்தினால் மூளையின் பார்வைப் பகுதி, கண்ணில் வெளிச்சம் பட்டதுபோலவே துடிக்கிறது என்று 1998-இல் கொரிய விஞ்ஞானி சோ சாங்-ஹீயும் குழுவினரும் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் எழுதினார்கள். பெரிய பரபரப்பு. 2006-இல் சோ உட்பட அதை எழுதியவர்களில் பலர், அந்த முடிவுகளைத் தாங்களே இனி ஏற்கவில்லை என்று அதே இதழில் அறிவித்தார்கள். வலி விஷயத்திலாவது இந்தப் புள்ளிக்கு இந்தப் பலன் என்ற தனிப் பொருத்தம் கிடையாது என்றும் சொன்னார்கள்.