ஓடு ஏற்றும் ஏணி

தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகள் வேயப்பட்டிருப்பதாகக் கூறுவது நம் மரபு. ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்றும், அவற்றைப் பிணைக்கும் 72,000 ஆணிகள் உடலிலுள்ள நாடிகளைக் குறிப்பன என்றும் பெரியோர் சொல்வார்கள். ஓர் ஓட்டுக்கு ஒரு மூச்சு என்ற இந்தக் கணக்கை ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால், ஓட்டைச் சுமந்து மேலே ஏறுகிறவனின் மூச்சைப் பற்றி அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை.

திருப்பணி என்றதும் கோபுரம், சுதைச் சிற்பம், வண்ணம், கலசம் என்றுதான் நம் மனம் செல்கிறது. கூரைக்கு ஓடு மாற்றுவது யார் கண்ணிலும் படாத வேலை. அதிலும் ஓட்டைக் கீழிருந்து மேலே கொண்டு சேர்ப்பது வேலையாகவே கருதப்படுவதில்லை. இந்த ஆண்டு மலரில் அந்தச் சிறிய வேலையைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில் ஆலயங்களும் மண்டபங்களும் கடைவீடுகளுக்கு இடையே நெருங்கி நிற்பதை அன்பர்கள் அறிவீர்கள். சில சந்துகளில் லோரி நுழையாது. கிரேன் நிறுத்த இடமே இராது. 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற வட்டாரம் இது. இங்கே கூரையில் கைவைக்கும் முன் மாநகர் மன்றத்தின் அனுமதி பெறுவது அவசியம். பழைய ஓட்டை எடுத்துவிட்டுத் தகரத்தைப் போட்டு வேலையை முடித்துக்கொள்வோம் என்று நாமாகத் தீர்மானிக்க முடியாது. ஆகவே, களிமண் ஓடு கூரைக்கு ஏறியே ஆகவேண்டும். எப்படி ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு கணக்கு

100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மண்டபக் கூரையை எடுத்துக்கொள்வோம். மங்களூர் ஓட்டைப் போன்ற தட்டை ஓடு என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 15 வேண்டும். ஆக 1,500 ஓடுகள். ஓர் ஓடு இரண்டரைக் கிலோ என்று கொண்டால் மொத்தம் 3,750 கிலோ, அதாவது ஏறத்தாழ 4 டன்.

ஓர் ஆள் தோளில் 8 ஓடுகளை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். சுமை 20 கிலோ. 1,500 ஓடுகளுக்கு 188 முறை ஏற வேண்டும். இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு. விட்டுப்போவது இன்னொன்று: அவர் தம் உடலையும் சேர்த்துத்தான் தூக்குகிறார். 60 கிலோ எடையுள்ளவர் 188 முறை ஏறினால் 11,280 கிலோ உடல் எடை மேலே போகிறது. 4 டன் ஓட்டுக்காக 11 டன் மனித உடலை ஏற்றுகிறோம். செலவாகும் உழைப்பில் நான்கில் மூன்று பங்கு ஓட்டுக்குப் போகவில்லை என்று பொருள். போதாததற்கு, ஒரு கை சுமையைப் பிடித்திருக்க, மறு கை மட்டுமே ஏணியைப் பற்றுகிறது. விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஆளைக் கீழே நிறுத்திவிட்டுச் சுமையை மட்டும் மேலே அனுப்பும் சாதனம்தான் ஏணித்தூக்கி. ஓர் ஏணியைத் தண்டவாளம்போல் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் ஒரு சிறு வண்டியை ஓடவிட்டு, கயிற்றால் இழுத்து ஏற்றுவது. மேலைநாடுகளில் கூரை வேய்பவர்கள் இதற்கென்றே செய்யப்பட்ட தூக்கிகளை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் கையில் உள்ளதைக் கொண்டு நாமே செய்துகொள்ள முயல்கிறோம். அப்படி முயன்றவர்களில் நானும் ஒருவன்.

நான் செய்த பிழை

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு, ஆலயம் ஒன்றின் மண்டபத்திற்கு ஓடு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் நடந்தது. வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் என் பழைய மாணவர்கள். ஓர் அலுமினிய ஏணி, அதன் மேற்படியில் கட்டிய ஒரு கப்பி, நைலான் கயிறு, காய்கறிக் கூடை ஒன்று: இவ்வளவுதான் எங்கள் சாதனம். காலை முழுவதும் ஏணியடியில் நின்று நேர் கீழாக இழுத்தோம். 300 ஓடுகளுக்கு மேல் ஏறிவிட்டன.

நண்பகலில் வெயில் முற்றத்தில் இறங்கியது. எதிர்ச் சுவரோரம் நிழல் இருந்தது. “அங்கே தள்ளி நின்று இழுங்கப்பா, நிழலா இருக்கு” என்று சொன்னவன் நான்தான். இரண்டு கூடைகள் போயின. மூன்றாவது கூடை பாதி ஏறும்போது ஏணியின் தலை சுவரைவிட்டு விலகிப் பக்கவாட்டில் சரிந்தது. மேலே கூடையை வாங்கக் காத்திருந்த இளைஞர் ஏணியைப் பிடிக்கக் கை நீட்டினார், அவரும் விழுந்தார். தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. உயிர் பிழைத்தது இறைவன் அருள்.

மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “சார், ஓடு எத்தனை உடைஞ்சு போச்சு?” என்பதுதான். ஓடு கொடுத்த உபயதாரர்களுக்கு நிர்வாகம் என்ன பதில் சொல்லும் என்று அவருக்குக் கவலை. தினக்கூலிக்கு வேலை செய்தவர். ஏழு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. உதவித்தொகை கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சுமை எங்கே போகிறது?

நடந்தது என்ன என்று பிறகு தாளும் பென்சிலும் கொண்டு உட்கார்ந்தேன். சுமை 40 கிலோ. கயிற்றை நேர் கீழாக இழுக்கும்வரை அந்த இழுப்பு ஏணியைத் தரையிலும் சுவரிலும் அழுத்தியது. ஏணி உறுதியாக நின்றது. தள்ளி நின்று 45 பாகைச் சாய்வில் இழுத்ததும், அதே 40 கிலோ இழுப்பில் 28 கிலோ, ஏணியின் தலையைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசையாக மாறியது. தலையைச் சுவரோடு அழுத்தி வைத்திருந்த விசையோ 20 கிலோ அளவுதான். ஏணியின் தலையும் கட்டப்படவில்லை. பிறகு அது விழாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் அப்போதுதான் உணர்ந்தேன். கப்பி சுமையைப் பாதியாக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உச்சியில் அசையாமல் கட்டிய ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. 50 கிலோவைத் தூக்க 50 கிலோ இழுப்பு வேண்டும். கப்பியைத் தாங்கும் இடமோ இரண்டும் சேர்ந்த 100 கிலோவைத் தாங்க வேண்டும். ஆள் ஏறுவதற்காகச் செய்த ஏணிப்படியில் கப்பியைக் கட்டுவது அதனால்தான் கூடாது.

சாய்வு சுமையைக் குறைக்கும் என்பதும் அரை உண்மையே. ஏணியை 75 பாகையில் சாய்த்தால் 100 கிலோ சுமைக்கு 97 கிலோ இழுப்பு வேண்டும், உராய்வு வேறு. 45 பாகைக்குச் சாய்த்தால் இழுப்பு 71 கிலோவாகக் குறையும். ஆனால் ஏணியின் வயிற்றில் குறுக்கே அழுத்தும் பாரம் 26 கிலோவிலிருந்து 71 கிலோவாக ஏறி, ஏணி வளையும். எந்தச் சாதனம் வைத்தாலும் சுமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. எங்கே மாறுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கயிற்றில் கை வைக்க வேண்டும்.

நம் முன்னோர் அறிந்ததுதான்

இது புதிய அறிவன்று. தமிழகத்துக் கிராமங்களில் கமலை இறைத்தபோது மாடுகள் சரிவில் இறங்கி நடந்தே வடத்தை இழுத்தன. மாட்டின் எடையும் இழுப்புக்கு உதவிற்று. வடம் எப்போதும் ஒரே நேர்கோட்டில் சென்றது. மாடு பக்கவாட்டில் விலகாதபடி பாதையே அப்படி வெட்டப்பட்டிருந்தது.

நம் கொடிமலை இரயிலும் ஒரு பெரிய ஏணித்தூக்கிதான். 1923இல் ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி 1ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டு, 2011இல் புதிய வண்டிகளுடன் மீண்டும் ஓடத் தொடங்கிய அந்த இரயிலில், இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குத் துணை செய்கிறது. அங்கும் வடம் தண்டவாளத்தை விட்டு விலகுவதில்லை.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பழைய வீடுகள் நம் கடைவீடுகளைப் போலவே குறுகிய முகப்பு உடையவை. மாடிப்படிகளும் மிகச் செங்குத்தானவை. அங்கே வீடு கட்டும்போதே உச்சியில் ஒரு விட்டத்தை வெளியே நீட்டி, கொக்கி வைத்தார்கள். பொருள் ஏறவேண்டும் என்பதைக் கட்டும் நாளிலேயே நினைத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

சரியாகச் செய்த தூக்கி

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு திருப்பணிக்காக, பற்றவைப்புப் பட்டறை வைத்திருந்த அன்பர் ஒருவரின் துணையோடு இரும்பில் ஒரு தூக்கி செய்தோம். அதன் உறுப்புகளைச் சொல்கிறேன்.

ஆள் ஏறும் ஏணியைப் பயன்படுத்தவில்லை. சதுர இரும்புக் குழாய் இரண்டை இணையாக வைத்து, நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள் கொடுத்துப் பற்றவைத்தோம். அதன்மேல் நான்கு சக்கரமுள்ள வண்டி. தடம் விட்டு இறங்காதபடி சக்கரங்களுக்கு விளிம்பு உண்டு. வண்டியின் அடியில் ஓடுகளைத் தாங்கும் தட்டு, முன்பக்கம் தடுப்புக் கம்பி. உச்சியில் படியோடு கட்டாமல் இரு குழாய்களையும் இணைத்துப் பற்றவைத்த சட்டத்தில் கப்பி. அதற்குச் சற்றுக் கீழே, வண்டி கப்பியில் மோதாதபடி ஒரு தடை.

முக்கியமானது வின்ச். நம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய தமிழர்களுக்குப் புதிய சொல் அல்ல இது. கையால் சுற்றும் வின்ச்சை ஏணியின் அடியிலேயே பொருத்தினோம். வடம் ஏணியை ஒட்டியே மேலே போய்க் கப்பியில் திரும்பி வண்டிக்கு வருகிறது. ஆகவே யார் எங்கே நின்றாலும் இழுப்பு ஏணியின் நீளத்திலேயே அடங்கிவிடும். வெளியே பிடுங்கும் விசை கிடையாது. நிழல் தேடி நகரவும் வழியில்லை.

கைப்பிடி 30 சென்டிமீட்டர், வடம் சுற்றும் உருளையின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால் ஆறில் ஒரு பங்கு விசை போதும். 15 ஓடும் வண்டியும் சேர்ந்த 50 கிலோவுக்கு, உராய்வைச் சேர்த்தாலும் 10 கிலோ அளவு அழுத்தினால் ஏறிவிடும். அதற்கு ஈடாகக் கையை ஆறு மடங்கு தூரம் சுழற்ற வேண்டும். கைப்பிடியை விட்டாலும் சுமையைத் தானாகப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள வின்ச்சையே வாங்க வேண்டும். பல்சக்கரத் தடுப்பு மட்டும் உள்ளவற்றில், இறக்குவதற்காகத் தடுப்பை விலக்கிய மறுகணமே கைப்பிடி சுழன்று கையை ஒடித்துவிடும். வடம், தூக்கும் சுமையைப்போல் ஐந்து மடங்காவது தாங்கவேண்டும். முடிச்சுப் போட்ட கயிறு தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது என்பதையும் வெயிலில் கிடந்த நைலான் நலிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கு

1. உயரம் நான்கு பங்கென்றால் அடி ஒரு பங்கு தள்ளி நிற்கவேண்டும். அடி நழுவாமல் தடை. தலை இருபுறமும் கட்டு.

2. காலையில் முதல் வேலையாக, ஏற்றப்போகும் சுமைக்கு மேல் கால் பங்கு அதிகம் வைத்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பத்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது.

3. தூக்கியின் கீழும் ஐந்தடிப் பாதையிலும் ஆள் நடமாட்டத்தைத் தடுப்பது. வண்டியில் எக்காரணத்தைக் கொண்டும் ஆள் ஏறக் கூடாது.

4. மேலே வாங்குபவர் ஓட்டின்மேல் நில்லாமல், கைப்பிடி உள்ள சாரத்தில் இடுப்புவார் கட்டி நிற்பது.

5. ஏறிய ஓட்டை ஓரிடத்தில் குவிக்காமல் கூரையின் இரு சரிவுகளிலும் சமமாகப் பரப்பி வைப்பது. ஒரே பக்கம் குவித்தால் பழைய மரச்சட்டம் தாங்காது.

6. மின்கம்பி அருகில் இருந்தாலோ, மழை இருட்டினாலோ வேலையை நிறுத்துவது.

நாங்கள் மோட்டார் பொருத்தவில்லை. பொருத்த விரும்புவோர் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், திருத்தங்களுடன் 2024 ஜூன் 1 முதல் முன்னிலும் விரிவாக நடப்புக்கு வந்துள்ளது. தொண்டர்கள்தானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

அந்தத் திருப்பணியில் 100 நடையில் 1,500 ஓடுகளும் ஏறின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஓட்டு உபயத்திற்கு அன்பர்கள் மனமுவந்து முன்வருகிறீர்கள். ஆனால் வடத்திற்கும் வின்ச்சுக்கும் சாரத்திற்கும் இடுப்புவாருக்கும் உபயதாரர் கிடைப்பது அரிது. அவற்றில் பெயர் எழுத இடமில்லை. வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுவோம். அதனால் நிர்வாகங்களும் அந்தச் செலவைச் சுருக்கப் பார்க்கின்றன. நானும் அப்படிச் சுருக்கியவன்தான். அதற்கான விலையை ஓர் இளைஞரின் தோள் கொடுத்தது.

அடுத்த முறை ஓட்டு உபயச் சீட்டு உங்கள் கைக்கு வரும்போது, “ஓட்டை எப்படி ஏற்றப் போகிறீர்கள்?” என்று எங்களைக் கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால், ஓட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை வடத்திற்குக் கொடுங்கள். அந்த இளைஞருக்கு இன்று வயது நாற்பதுக்கு மேல். கையை முழுவதும் தலைக்கு மேல் தூக்க முடியாது. சுவாமி புறப்பாட்டின்போது மற்றவர்கள் இரு கைகளையும் உயர்த்திக் கும்பிட, அவர் நெஞ்சளவில் கைகுவித்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைய நிழல் என் நினைவுக்கு வருகிறது.

உடைந்த ஓடுகள் நாற்பத்தொன்று. அன்று அவருக்கு நான் சொல்லாத பதில் அது. அவற்றை ஒரு வாரத்தில் மாற்றிவிட்டோம்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் நம் திருப்பணிகள் யாவும் இடரின்றி நிறைவேறுவதாக.