திரையில் ஒரு மோட்டார், மேசையில் ஒரு மோட்டார்

விமானம் ஓட்டும் கேம்ஸை கம்ப்யூட்டரில் விளையாடியிருப்பீர்கள். விமானம் நொறுங்கினாலும் கவலையில்லை, மீண்டும் ஆரம்பிக்கலாம். இப்படி ஒரு பொருள் இயங்கும் விதத்தைக் கணக்குகளைக் கொண்டு கம்ப்யூட்டரில் நடத்திக் காட்டுவதுதான் சிமுலேஷன். இதையும் தொழிற்சாலைகளில் அதிகம் பேசப்படும் ‘டிஜிட்டல் இரட்டை’யையும் பலர் ஒன்றென நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. அதை எனக்குப் புரிய வைத்தது ஒரு மோட்டார்.

புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடியில் இன்ஜினியரிங் படித்தபோது, ஆய்வகத்தில் இருந்த டி.சி. ஷன்ட் மோட்டாரைப் போல ஒன்றை கம்ப்யூட்டரில் உருவாக்கினேன். இரண்டையும் சுமையின்றி ஓடவிட்டேன். முதலில் வேகம் ஒத்துப்போனது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், திரையில் இருந்த மோட்டார் அதே வேகத்தில் ஓடியது. மேசையில் இருந்ததோ வேகம் கூடியிருந்தது!

வித்தியாசம் ஏன்?

காரணம் சூடு. தாமிரக் கம்பியின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். 50 டிகிரி ஏறினால் 20 சதவீதம். அதாவது, 220 ஓம் உள்ள ஃபீல்டு காயில் 264 ஓம் ஆகிவிடும். 220 வோல்ட்டில் 1 ஆம்பியராக இருந்த மின்னோட்டம் 0.83 ஆம்பியராகக் குறையும். காந்தப்புலம் வலுவிழந்தால், சுமையில்லாத இந்த மோட்டார் வேகமாகச் சுற்றும். நானோ மின்தடையை மாறாத எண்ணாகக் கொடுத்திருந்தேன். தவறு கம்ப்யூட்டருடையது அல்ல, என்னுடையது.

அப்படியானால் சிமுலேஷன் வீணா?

இல்லை. ஃபீல்டு இணைப்பு அறுந்தால் இந்த மோட்டார் கட்டுக்கடங்காத வேகமெடுத்துச் சிதறக்கூடும். ஆய்வகத்தில் அதைச் செய்து பார்க்க முடியாது. கம்ப்யூட்டரில் நூறு முறை பார்க்கலாம். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் பயிற்சி சிமுலேட்டரை உருவாக்கியது இதற்காகத்தான். அணு உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணியை 2024 மார்ச்சில்தான் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, உலையில் வரவே கூடாத பழுதுகளை ஆபரேட்டர்கள் சிமுலேட்டரில் சந்தித்துப் பழகிவிட்டார்கள்.

இரட்டை எப்போது பிறக்கிறது?

என் மோட்டாரின் காயிலில் வெப்ப சென்சார் பொருத்தி, அதன் அளவை ஓயாமல் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். திரை மோட்டாரும் கூடவே வேகம் கூட்டும். இப்படி நிஜ இயந்திரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் டிஜிட்டல் இரட்டை. இதன் அடிப்படைக் கருத்தை 2002-ல் முன்வைத்தவர் அமெரிக்காவின் மைக்கேல் க்ரீவ்ஸ்.

அதன் பிறகும் இரண்டும் வேறுபட்டால்? அப்போதுதான் கவனம் தேவை. பேரிங் தேய்ந்திருக்கலாம், சென்சாரே பழுதாகியிருக்கலாம். திரையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காமல் எழுந்துபோய் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

நீங்களும் முயன்று பார்க்கலாம். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான ‘சைலேப்’ சாப்ட்வேர் இலவசம். முதலில் மின்தடையை மாற்றாமல் மோட்டாரை ஓட்டுங்கள். பிறகு சூட்டுக்கு ஏற்ப மாற்றி ஓட்டுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.