கூடிப் பேசியதைக் குறித்து வைத்தல்

பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புனேயிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் கணினித் துறையில் பணிபுரியும் மகனோ மகளோ மருமகளோ ஒருவராவது இருக்கக் காண்கிறோம். சனிக்கிழமை வந்ததும் அவர்களுள் சிலர் ‘மீட்அப்’ என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். வாரமெல்லாம் உழைத்தது போதாதென்று ஓய்வு நாளிலும் இவர்கள் எங்கே போகிறார்கள் என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் ஐயம் தீர, அங்கே நடப்பது இன்னதென்று முதலில் கூறிவிடுவோம்.

ஏதேனும் ஓர் அலுவலகக் கூடத்தில் முப்பது நாற்பது பேர் கூடுகிறார்கள். ஒருவர் எழுந்து தம் பணியில் எதிர்ப்பட்ட சிக்கலையும் அதை அவிழ்த்த வகையையும் சொல்கிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள், தம் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பிறகு தேநீர், கலைந்து செல்லுதல். இதற்குச் சம்பளம் கிடையாது. போட்டி நிறுவனங்களில் வேலை செய்வோர் ஒருவர்க்கொருவர் கற்பிக்கும் இவ்வழக்கம் போற்றத்தக்கது என்பதே நம் கருத்து.

ஆனால் கூட்டம் கலைந்த பின் எஞ்சுவது யாது? பெரும்பாலும் ஒரு புகைப்படமும், ‘அருமையான கூட்டம்’ என்ற ஒரு வரியுமே. இரண்டு மணி நேரம் பேசப்பட்ட பொருள் காற்றோடு போய்விடுகிறது. வந்தவர்களுக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. வராதவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவுப் பணியில் இருந்தவர், கைக்குழந்தையை விட்டு வர இயலாத தாய், மதுரையிலோ நெல்லையிலோ வீட்டிலிருந்தே வேலை செய்பவர் ஆகியோர் ஒருபுறம். வந்தும் வராதவர் போன்றவர் மற்றொருபுறம்: தமிழ் வழியில் பயின்று சென்ற ஆண்டுதான் இந்நகரம் வந்து சேர்ந்த இளைஞர், விரைந்தோடும் ஆங்கிலத்தில் பாதியை இழந்துவிட்டுப் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருப்பார். ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிய சுருக்கம் ஒன்று அவர் கைக்கு எட்டினால், அது அவருக்கு இரண்டாம் முறை கேட்டதற்கு ஒப்பாகும்.

இத்தகைய குறிப்புகளுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1975 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆம் நாள், கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் கணினி ஆர்வலர் சிலர் கூடினர். ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்று பின்னர்ப் புகழ் பெற்றது இக்கூட்டமே. பிரெட் மூர் என்ற அன்பர் அன்று நடந்ததைச் சுருக்கி, பத்தே நாட்களில் ஒரு செய்தி மடலாக எழுதிவிட்டார். வந்தவர் 32 பேர். அவர்களுள் 6 பேர் ஏதேனும் ஒரு வகையில் தாமே கணினி அமைத்தவர்கள். வேறு சிலர் ‘ஆல்டேர் 8800’ என்னும் கருவிப் பெட்டிக்குப் பணம் கட்டிக் காத்திருந்தவர்கள். வீட்டில் கணினி இருந்தால் எதற்குப் பயன்படும் என்ற பேச்சு எழுந்தபோது, எழுத்துப் பணி முதல் விளையாட்டு, இசை, வீட்டுச் சாதனங்களை இயக்குதல் வரை கூறப்பட்டவை யாவற்றையும் அவர் குறித்து வைத்தார். அன்று அங்கே அமர்ந்திருந்தவர்களுள் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். ஆப்பிளின் முதற் கணினியை அமைக்கும் ஊக்கம் அக்கூட்டத்தில்தான் பிறந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ‘பல அன்பர்கள் வந்திருந்தார்கள், பல செய்திகள் பேசப்பட்டன’ என்று மூர் எழுதி முடித்திருந்தால் இன்று அந்நாளைப் பற்றி நாம் அறியக்கூடியது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். 32, 6 என்னும் எண்கள் சிறியவைதாம். அவற்றைக் கொண்டுதான் அக்கூட்டத்தின் அளவை இன்று கண்முன் காண்கிறோம்.

அதற்கும் ஆறு ஆண்டுகள் முன்னர், இன்றைய இணையத்திற்கு வித்திட்ட ‘ஆர்ப்பாநெட்’ வலையை வகுக்க மாணவர் சிலர் கூடிப் பேசிவந்தார்கள். பேசியதை எழுதி வைக்கும் பொறுப்பு ஸ்டீவ் கிராக்கர் என்னும் மாணவரைச் சேர்ந்தது. முதற் குறிப்பு 1969 ஏப்ரல் 7 ஆம் தேதியிட்டது. உடன் தங்கியிருந்த நண்பர்களின் உறக்கம் கெடாதிருக்கக் குளியலறையில் அமர்ந்து இரவில் எழுதியதாக அவர் பின்னர் நினைவு கூர்ந்தார். அவர் வகுத்த மூன்றாம் குறிப்பு, குறிப்பு எழுதும் முறையைப் பற்றியதே. மெருகைவிடக் காலத்தில் வருவது மேல். விடை இல்லாத வினாவையும் எழுதலாம். ஒரு வாக்கியம் இருந்தாலே போதும். எழுத்தில் வந்துவிட்டதால் அதை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டா என்பன அதன் சாரம். அதே சமயம், எண், தலைப்பு, எழுதியவர் பெயர், அவர் சார்ந்த இடம், தேதி ஆகிய இவற்றில் மட்டும் விட்டுக்கொடுத்தல் இல்லை. நம் இளைஞர்கள் எழுதும் குறிப்புகளில் இம்முறை தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். நடையில் அலங்காரம் மிகுந்திருக்கும். தேதியைத் தேடினால் கிடைக்காது.

இனி ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு பார்ப்போம். பணம் செலுத்தும் ஆப் ஒன்றில் ஒரு மாலை நேர்ந்த கோளாற்றைப் பற்றிப் பேச்சு. வழக்கமான குறிப்பு எப்படி இருக்கும்? ‘மாலை 5 மணிக்கு வரவேற்புரையுடன் கூட்டம் இனிதே தொடங்கியது. பேச்சாளர் மறுமுயற்சிகளைப் பற்றிப் படங்களுடன் மிக அழகாக விளக்கினார். பின்னர்ச் சுவையான கேள்வி பதில் நடைபெற்றது. அனைவரும் பயனடைந்தனர்.’ இதைப் படித்தவர் யாதொரு பயனும் அடையார். கடிகாரத்தின் வரிசையில் எழுதப்பட்டதே இதன் முதற் குற்றம். வராதவருக்கு வேண்டுவது பொருளின் வரிசை. அதே கூட்டத்தை இப்படி எழுதலாம்:

‘சர்வர் தாமதித்தபோது, விடை வராத ஒவ்வோர் ஆப்பும் நொடிக்கு ஒரு முறை மீண்டும் கேட்டது. சுமை பெருகி, தாமதித்த சர்வர் அடியோடு நின்றது. காத்திருக்கும் நேரத்தை 1, 2, 4, 8 நொடி என்று இரட்டித்துச் செல்வதும், எல்லா ஆப்களும் ஒரே கணத்தில் திரும்பி வராதபடி ஒவ்வொன்றுக்கும் சிறிது வேறுபாடு சேர்ப்பதும் தீர்வு. மீண்டும் கேட்டால் பணம் இருமுறை பிடிக்கப்படாதா என்று ஒருவர் வினவினார். ஒவ்வொரு செலுத்துகைக்கும் தனி எண் உண்டு. அதே எண் மறுமுறை வந்தால் சர்வர் பணம் பிடிக்காமல் முதல் விடையையே தரும் என்பது பதில். அவ்வெண்ணை 24 மணி நேரம் சேமித்தால் போதும் என்றார் பேச்சாளர். தொடர் விடுமுறைகளில் போதாது என்று வேறொருவர் மறுத்தார். இது முடிவாகவில்லை. தம் அளவீடுகளை அடுத்த மாதம் காட்டப் பேச்சாளர் இசைந்தார்.’

இதில் புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. எனினும் சிக்கல், காரணம், தீர்வு, ஐயம், விடை, தீராத வழக்கு, அடுத்த வேலை எல்லாம் வந்துவிட்டன. கணினி அறியாத பெற்றோரும், ரயில் டிக்கெட் எடுக்கையில் பணம் பிடிக்கப்பட்டு டிக்கெட் வராத அனுபவத்தை நினைத்துக்கொண்டு, இதைப் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேற்கண்ட குறிப்பில் பாதிக்கு மேல் வினாவிடைப் பகுதியே. பேச்சாளர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சு அவருடைய படங்களில் எப்படியும் இருக்கும். அவையிலிருந்து எழுந்த வினாவோ எழுதினால் ஒழிய வேறெங்கும் இராது. ஆகவே பேனாவைக் கேள்வி நேரத்துக்குச் சேமித்து வைப்பவரே நல்ல குறிப்பாளர். பலர் நேர்மாறாக, முதல் அரைமணியில் நான்கு பக்கம் நிரப்பிவிட்டுக் கேள்விகள் தொடங்கியதும் நோட்டை மூடிவிடுகிறார்கள்.

சுருக்கும்போது இழக்கக்கூடாதவை எண்களும் அவற்றின் நிபந்தனைகளுமாம். ‘இருபது மடங்கு வேகம் கூடியது’ என்று எழுதுவோர், எவ்வளவு தரவின்மீது, எதனோடு ஒப்பிட்டு என்பதை விட்டுவிட்டால் அது வதந்தியாகிவிடும். பேச்சாளர் ‘இருக்கலாம்’ என்றது குறிப்பில் ‘இருக்கிறது’ என்று மாறிவிடுவது அதனினும் பெரிய கேடு. சொற்களைக் குறைக்கும் ஆசையில் முதலில் வெட்டுண்பவை இத்தகைய தயக்கச் சொற்களே.

கருத்து மாறுபாட்டை எழுதும் முறையும் அறியத்தக்கது. இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் ‘ஐஇடிஎஃப்’ என்ற அமைப்பு 1986 முதல் கூடிவருகிறது. அங்கே வாக்கெடுப்பு வழக்கமில்லை; அவையோரின் மனப்போக்கை அறிய ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்வார்கள்! சிரிப்பதற்குரியது போலத் தோன்றினும் அதற்குள் ஒரு நெறி இருக்கிறது. எத்தனை பேர் என்பதைவிட, எழுந்த மறுப்புக்கு விடை கூறப்பட்டதா என்பதே அவர்களுக்கு முக்கியம். ‘பெரும்பாலோர் ஏற்றனர்’ என்ற குறிப்பு வராதவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. ‘இன்ன காரணத்தால் ஒருவர் மறுத்தார், இன்ன விடை தரப்பட்டது’ என்றால் அவர் தாமே எடைபோட்டுக் கொள்வார்.

பெயர்களைக் குறிப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தம் நிறுவனத்தில் நேர்ந்த தவற்றை நண்பர்கள் நடுவே மனம் திறந்து சொன்ன ஒருவர், அது பெயரோடு அச்சேறியதால் மேலதிகாரிமுன் நிற்க நேரிடலாம். வெளியூரில் வாடகை வீட்டில் குடும்பம் நடத்துபவருக்கு வேலை என்பது எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. லண்டனில் ‘சாத்தம் ஹவுஸ்’ என்னும் நிறுவனத்தில் 1927 ஆம் ஆண்டு ஒரு விதி ஏற்பட்டது: கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம், சொன்னவர் இன்னார் என்றோ அவர் எந்த இடத்தைச் சார்ந்தவர் என்றோ வெளியிடலாகாது. அவ்விதி கொள்ளப்படுமா இல்லையா என்பதைக் கூட்டத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுதல் நன்று.

இப்போது இயந்திரமே பேச்சைக் கேட்டு எழுதிச் சுருக்கியும் தருகிறதே, நாம் ஏன் வருந்த வேண்டும் என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். துணையாகக் கொள்வதில் தடையில்லை. ஆனால் 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ‘விஸ்பர்’ என்னும் ஒலியெழுத்து இயந்திரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பதிவில் யாரும் பேசாத சொற்றொடர்களைத் தானே புனைந்து சேர்த்ததைக் கண்டது. பேச்சிடையே நீண்ட மௌனம் நிலவும் பதிவுகளில் இக்குறை மிகுந்ததாம். ஒருவர் ஆங்கிலத்தில் தொடங்கிக் கன்னடத்தில் கேலி பேசித் தமிழில் முடிக்கும் நம் கூட்டங்களில், அங்கிருந்து கேட்ட ஒருவர் கண் படாமல் அத்தகைய பிரதியை வெளியே அனுப்புதல் தகாது.

குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பாதி மறந்துபோகும். கருவிகளின் பெயர்களைத் தேநீர் வேளையிலேயே பேச்சாளரிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். பிரதியை அவருக்கு அனுப்பி இரண்டு நாள் காத்திருக்கலாம். விடை வராவிடின், ஐயமுள்ள வரிகளை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதை அனைவருக்கும் அனுப்பிவிடலாம். ஆங்கிலக் குறிப்பின் அடியில் நான்கு வரி தமிழிலும் எழுதினால், பின்வரிசையில் இருந்த அந்த இளைஞர் அடுத்த மாதம் ஒரு கேள்வியோடு வரக்கூடும்.