முன் சக்கரத்துக்குள் ஒரு சிலுவை

நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியில் முன் சக்கரத்துக்கு இரட்டை வேலை. எஞ்சின் அனுப்பும் சுழற்சியை வாங்கி வண்டியை இழுக்கவும் வேண்டும்; ஸ்டியரிங்கை ஒடித்த பக்கம் திரும்பவும் வேண்டும். நேரான ஒற்றைத் தண்டுக்கு இது ஆகாத காரியம். அதனால் டாட்ஜ் ராம் 2500 போன்ற கனத்த அமெரிக்க பிக்கப்புகளில், முன் ஆக்சில் தண்டு சக்கரத்தருகே இரண்டு துண்டாக இருக்கும். இரண்டையும் இணைப்பது யூ-ஜாயிண்ட். நம்மூர் லாரிப் பட்டறைகளில் ‘கிராஸ்’ என்று கேட்டால் எடுத்துத் தருகிற அதே சாமான்தான்.

சிலுவை வடிவில் ஓர் எஃகுத் துண்டு, நான்கு முனையிலும் நான்கு கப்பு, ஒவ்வொரு கப்புக்குள்ளும் சுற்றிலும் ஊசி பேரிங்குகள். எதிரெதிர் முனைகள் இரண்டை ஒரு தண்டின் கவையும், மற்ற இரண்டை அடுத்த தண்டின் கவையும் பிடித்துக்கொள்ளும். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயர் இன்னும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி இதை வடிவமைத்து 1903இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். அவர் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய டானா.

இதற்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. உள்தண்டு சீராகச் சுற்றினாலும், 30 பாகை மடங்கியிருக்கையில் வெளித்தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 15 சதவீதம் வேகம் கூடும், இரண்டு முறை 13 சதவீதம் குறையும். ஃபோர் வீல் போட்டு ஒடித்துத் திருப்பும்போது ஸ்டியரிங் உதறுவது இதனால்தான். அதைப் பழுது என்று நினைக்கவேண்டாம்.

பழுது வருவது வேறு வழியில். வண்டி நேராக ஓடும்போது ஜாயிண்ட் முழுசாகச் சுழலுமே தவிர, கப்புக்குள் ஊசிகள் உருள்வதே இல்லை. ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுகிறது. தண்ணீர் புகுந்தால் துருவும் சேர்கிறது. மெதுவாகப் போகையில் கிறீச்சொலி, திரும்பும்போது ‘கடக் கடக்’, கப்பின் விளிம்பில் செம்பொடி என்று மூன்றும் தெரிந்தால் கிராஸ் போய்விட்டது.

கிராஸை மாற்றுவது பெரிய வேலை இல்லை. அதை எட்டுவதற்குள்தான் உயிர் போகும், ஏனென்றால் வழியில் ஹப்பு இருக்கிறது. பேரிங்கும் ஹப்பும் ஒரே உருப்படியாக, ஸ்டியரிங்கோடு திரும்பும் நக்கிளின் துளைக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பின்னாலிருந்து நான்கு போல்டுகள். பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் அமெரிக்காவின் வட மாநிலங்களில் சில வருடத்தில் ஹப்பும் நக்கிளும் துருவேறி ஒன்றாகிவிடும். சுத்தியலால் அறைந்தால் வருகிறதோ இல்லையோ, பேரிங் கெடும்.

வண்டி தரையில் நிற்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்திவிடவேண்டும். பிறகு ஜாக்கி, ஸ்டாண்டு. காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடவேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. ஏபிஎஸ் ஒயரையும் பிரித்தபின் பழைய மெக்கானிக்குகளின் தந்திரம் ஒன்று கைகொடுக்கும். போல்டுகளை முழுசாகக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, ஒரு போல்டுத் தலைக்கும் ஆக்சிலுக்கும் இடையே சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் முட்டுக்கொடுக்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தால், பவர் ஸ்டியரிங்கின் பலமே போல்டைத் தள்ளி ஹப்பை வெளியேற்றும். முன்பக்க போல்டுக்கு ஒரு திசை, பின்பக்கத்துக்கு எதிர்த்திசை என மாற்றி மாற்றித் தள்ளவேண்டும். அந்த நேரம் சக்கரத்தருகே யாரும் நிற்கக்கூடாது. முட்டு தெறித்தால் ஆபத்து.

தண்டை உருவும்போது தாங்கிப் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளே ஆயில் சீல் கிழியும். அடுத்து கப்புகளைப் பிடித்திருக்கும் லாக்குகளை எடுத்து, வைஸில் ஒருபக்கம் சின்ன சாக்கெட்டும் மறுபக்கம் பெரிய சாக்கெட்டும் வைத்து அழுத்தினால் பழைய கப்பு வெளியே வரும். புதியதைப் போடுகையில் ஓர் ஊசி சரிந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால் போதும், லாக்கின் காடி தெரியவே தெரியாது. அப்போது பலம் காட்டாமல் கப்பை எடுத்துப் பார்ப்பதே புத்தி.

கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸா, மூடிய கிராஸா? கிரீஸ் போகத் துளையிட்டிருப்பதால் முதலாவது சற்றே பலம் குறைவு. ஒழுங்காகக் கிரீஸ் அடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு மூடியதே மேல்.

திரும்ப மாட்டும் முன் நக்கிளின் துளையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஆன்டி-சீஸ் பூசவேண்டும். ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கே இறுக்கவேண்டும்; ஹப்பு பேரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது அந்த நட்டுதான்.